சின்ன ஓனருக்கு வாடகை மேனேஜ்மென்ட் சர்வீஸ் தேவையா? காசு கொடுத்து யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

ரெண்டு சின்ன வீடு வாடகைக்கு விட்டிருக்கேன், ரெண்டுலயும் லோன் ஓடுது. வேலைக்கும் போயிட்டு வாடகை ஆளையும் பாத்துக்க முடியலன்னு ஒரு ரென்டல் மேனேஜ்மென்ட் சர்வீஸ்கிட்ட கொடுத்தேன். ஆள் தேடறது, விசாரிக்கறது, அக்ரிமென்ட் போடறது, வாடகை வசூல், ரிப்பேர், காலி பண்ணும்போது வீட்டை செக் பண்ணி டெபாசிட் கணக்கு முடிக்கறது, எல்லாம் அவங்களே பாத்துக்கற ஃபுல் பிளான். கம்பெனி பேர் வேணாம், நான் சொல்லப்போற நல்லதும் கெட்டதும் இந்த மாதிரி சர்வீஸ் பெரும்பாலானதுக்கு பொருந்தும். அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன். ஆளு சம்பந்தப்பட்ட வேலையில இவங்க ரொம்ப நல்லா பண்றாங்க, காசு சம்பந்தப்பட்ட வேலையில நாம கண்ணை எடுக்கவே கூடாது. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சிட்டா எந்த பிளான் எடுக்கணும், எதை நம்ம கைல வெச்சுக்கணும்னு தெளிவாயிடும்.

முதல்ல ஃபீஸ். மாச வாடகையில இத்தனை சதவீதம்னு ஒண்ணு, 8லேர்ந்து 12 வரைக்கும் கேக்கறது சகஜம், எனக்கு 10. புது ஆள் பிடிச்சு கொடுத்தா தனியா ஒரு மாச வாடகை. அக்ரிமென்ட் புதுப்பிச்சா அதுக்கு ஒரு சின்ன ஃபீஸ். விளம்பரத்துல அந்த 10 மட்டும் தான் பெரிய எழுத்துல இருக்கும். ஆனா உண்மையான செலவு வாடகை ஆள் எவ்வளவு நாள் இருக்காங்கங்கறத வெச்சு மாறும். மாச வாடகை 100னு வெச்சுக்கோங்க, எந்த காசா வேணா இருக்கட்டும். ஒரே ஆள் மூணு வருஷம் இருந்தா மொத்தம் வர்ற 3,600ல இவங்களுக்கு 360, ஆள் பிடிச்சதுக்கு 100, ஆக 460, அதாவது 13 சதவீதத்துக்கு கொஞ்சம் கீழ. அதே வருஷா வருஷம் ஆள் மாறி, நடுவுல ஒரு மாசம் காலியாவும் கெடந்தா, வர்ற 1,100ல இவங்களுக்கு 110ம் 100ம் சேத்து 210, கிட்டத்தட்ட 19 சதவீதம். அதே சர்வீஸ், அதே வீடு தான்.

இன்னொரு விஷயம் ஒப்பந்தத்துல ஒரே ஒரு வார்த்தைல ஒளிஞ்சிருக்கும். ஃபீஸ் 'வசூலான வாடகைல' 10 சதவீதமா, 'வரவேண்டிய வாடகைல' 10 சதவீதமா? வசூலானதுலன்னா ஆள் காசு கொடுக்கலன்னா அவங்களுக்கும் வராது, அதனால துரத்தி வாங்குவாங்க. வரவேண்டியதுலன்னா வீடு காலியா கெடந்தாலும், ஆள் மூணு மாசம் பாக்கி வெச்சாலும், உங்க கைலேர்ந்து ஃபீஸ் போய்க்கிட்டே இருக்கும். எனக்கு வந்த டிராஃப்ட்ல ரெண்டாவது தான் இருந்துச்சு. மாத்துங்கன்னு கேட்டேன், ஒரு நாள் எடுத்துக்கிட்டு மாத்தி கொடுத்தாங்க. கேட்டா மாத்தறாங்க, அதனால கேளுங்க.

சரி, இந்த ஃபீஸ் அதிகமா கம்மியான்னு எதோட ஒப்பிட்டு பாக்கறது? நெறைய பேர் வாடகையோட ஒப்பிடறாங்க, "சும்மா போன் பண்ணி வாடகை வாங்கறதுக்கு பத்துல ஒரு பங்கா"ன்னு. நான் காலி மாசத்தோட ஒப்பிடுவேன். வருஷத்துல ஒரு மாசம் காலியா கெடந்தா 8.3 சதவீதம் போச்சு. சர்வீஸ் அந்த ஒரு மாசத்தை மிச்சப்படுத்தி, தகராறு பண்ணாத ஆளையும் கொண்டுவந்தா அந்த 10ல பெரும்பகுதி அங்கேயே திரும்பி வந்துடுது. மிச்சப்படுத்தலன்னா வெறும் செலவு. என் விஷயத்துல மொத வீடு சீக்கிரமே போச்சு, போட்டோ எடுத்த விதமும் விளம்பரம் எழுதின விதமும் தான் காரணம். சமையலறைல எத்தனை பிளக் பாயின்ட் இருக்கு, வாஷிங் மெஷின் எங்க வைக்கலாம், மத்தியானம் எந்த ரூம்ல வெயில் அடிக்கும், போன வருஷம் தண்ணி பில் எவ்வளவு வந்துச்சுன்னு எல்லாத்தையும் போட்டிருந்தாங்க. பாக்க வந்தவங்க கம்மி, ஆனா வந்தவங்க எல்லாருமே நெஜமா வீடு தேடறவங்க.

இப்ப காசு பக்கம் வர்றேன், இங்க தான் எனக்கு கோபம்.

இவங்க ஆப்புல ஒரு கால்குலேட்டர் இருக்கு. வீட்டு விலை, மாச வாடகை ரெண்டையும் போட்டா 'உங்க வருமான விகிதம்'னு பச்சை கலர்ல ஒரு நம்பர் காட்டும். அது மொத்த வாடகையை விலையால வகுத்த நம்பர், அவ்வளவுதான். விலை 24,000, மாச வாடகை 100ன்னு போட்டா வருஷத்துக்கு 1,200, அதனால 5 சதவீதம்னு காட்டும். இதை நம்பி ஒருத்தர் ரெண்டாவது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டா என்ன ஆகும்? கொஞ்சம் உக்காந்து கணக்கு போடுவோம். ஒரு மாசம் காலி, 100 போச்சு. மீதி 1,100ல மேனேஜ்மென்ட் ஃபீஸ் 110. பராமரிப்புக்கு வருஷத்துக்கு வீட்டு விலைல 1 சதவீதம் எடுத்து வைக்கணும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, அது 240. சொத்து வரி, இன்சூரன்ஸ், அசோசியேஷன் காசு எல்லாம் சேத்து 150ன்னு வைங்க. மொத்தம் 600 போச்சு. கைல நிக்கறது 600, அதாவது 24,000க்கு 2.5 சதவீதம். பச்சை கலர்ல காட்டினதுல சரிபாதி. புது ஆள் வந்த வருஷம்னா ஆள் பிடிச்ச ஃபீஸ் 100 வேற போகும், 500 தான் நிக்கும். லோன் தவிர மத்த செலவுக்கே வாடகைல பாதி போயிடும்னு அமெரிக்க முதலீட்டாளர்கள் '50 சதவீத விதி'ன்னு ஒண்ணு சொல்வாங்க, அது சும்மா பயமுறுத்த சொன்னது இல்ல.

இதுக்கு மேல லோன் இருக்கே. 24,000ல முக்கால்வாசி, 18,000, லோன் வாங்கி 6 சதவீத வட்டின்னா மொத வருஷம் வட்டி மட்டுமே 1,080. வீடு சம்பாதிக்கறது 600. மிச்சம் 480 நம்ம சம்பளத்துலேர்ந்து போகணும், மாசம் 40, அதுவும் வட்டிக்கு மட்டும், அசல் தனி. வீடு கொடுக்கற நிகர வருமானம் லோன் வட்டியை விட கம்மியா இருந்தா எவ்வளவு அதிகமா கடன் வாங்கறமோ அவ்வளவு அதிகமா ஓட்டை பெருசாகும், இதை அந்த கால்குலேட்டர் எங்கயுமே கேக்கல, லோன்னு ஒரு கட்டம் கூட இல்ல. வாடகை சொத்துக்கு லோன் கொடுக்கற பேங்க்குங்க நிகர வருமானத்தை வருஷ லோன் தவணையால வகுத்து பாப்பாங்க, பல இடத்துல அது 1.2 இல்ல 1.25 வரணும்னு எதிர்பாப்பாங்க. நம்ம உதாரணத்துல வட்டியை மட்டும் வெச்சு வகுத்தாலே 0.56 தான் வருது. விலை ஏறும்ல, அது லாபம் தானேன்னு கேப்பீங்க. ஏறலாம், நானும் ஏறும்னு நம்பி தான் வாங்கியிருக்கேன், ஆனா ஏறின விலையை வெச்சு இந்த மாச தவணை கட்ட முடியாது, அதனால ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போட்டு கலக்காதீங்க.

காலி மாசம் பத்தி இன்னொண்ணு. 8 சதவீதம், 5 சதவீதம்னு சராசரி சொல்றதெல்லாம் இருவது முப்பது வீடு வெச்சிருக்கறவங்களுக்கு சரி. ஒரே வீடு இருக்கறவங்களுக்கு அந்த சராசரி வேலைக்காகாது. வீடு முழுசா நெறஞ்சிருக்கும், இல்லன்னா முழுசா காலி, நடுவுல ஒண்ணும் கெடையாது. காலியான மாசம் வாடகை பூஜ்ஜியம், லோன் தவணை மட்டும் அப்படியே நிக்கும். அதனால தவணையும் மத்த செலவும் சேத்து ஒரு ஆறு மாசத்துக்கு வர்ற தொகையை தனி அக்கவுன்ட்ல தொடாம வெச்சிருக்கணும், இது என் உறுதியான கருத்து. வாட்டர் ஹீட்டர் மாதிரி சாமான் பத்து வருஷம் வாக்குல போயிடும், அதெல்லாம் சொல்லிட்டு வராது, காலியா இருக்கற மாசத்துல தான் வரும். சர்வீஸ் ஒரு சின்ன தொகையை கையிருப்பா அவங்ககிட்ட வெச்சுக்கறாங்க, அது குழாய் மாத்த பத்தும், கூரை ஒழுகினா பத்தாது.

போதும் கணக்கு, ஆள் விஷயத்துக்கு வர்றேன், இங்க மனசார பாராட்டறேன். நானா விசாரிச்சிருந்தா "எங்க வேலை பாக்கறீங்க, எத்தனை பேரு"ன்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு, முகத்தை பாத்து முடிவு பண்ணிருப்பேன், நம்மல்ல பல பேர் அப்படித்தானே. இவங்க சம்பள சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை செய்யற இடத்துக்கு போன், எல்லாம் பண்ணாங்க. வாடகை, குடி வர்றவங்களோட வருமானத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. இந்த மாதிரி அளவு ரொம்ப நாளாவே இருக்கு. அமெரிக்கால அரசாங்க குடியிருப்புல இருக்கறவங்க வாடகை வருமானத்துல 25 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு 1969ல சட்டம் போட்டாங்க, 1981ல அதை 30 ஆக்கினாங்க, அந்த 30 இப்ப பொதுவான அளவுகோலாவே ஆயிடுச்சு. ஆனா எனக்கு புடிச்சது என்னன்னா, இவங்க அந்த அளவை கண்ணை மூடிக்கிட்டு வெட்டறதில்ல. ஒரு குடும்பம் அந்த கோட்டுக்கு கொஞ்சம் மேல இருந்தாங்க, ஆனா வேற கடன் ஒண்ணும் இல்ல, முன்னாடி இருந்த வீட்டுல வாடகை ஒரு மாசம் கூட தள்ளிப்போனதில்ல, அதை பேங்க் ஸ்டேட்மென்ட்ல வரிசையா காட்டி சர்வீஸ்காரங்க அந்த குடும்பத்தையே சிபாரிசு பண்ணாங்க. நல்ல சம்பளம் வாங்கி நாலு இடத்துல தவணை கட்டிக்கிட்டு இருக்கறவங்களை விட இவங்க நம்பகமானவங்கன்னு சொன்னாங்க. இன்னைக்கு வரைக்கும் வாடகை தேதி தப்பினதில்ல.

விசாரிக்கறதுல இன்னொரு நல்ல பழக்கம், இப்ப இருக்கற வீட்டு ஓனரை விட அதுக்கு முந்தின ஓனர்கிட்ட பேசறது. இப்ப இருக்கற ஓனர், ஆள் போனா போதும்னு நெனச்சு "தங்கமான மனுஷங்க"ன்னு சொல்ல வாய்ப்பிருக்கு, முந்தினவருக்கு அந்த அவசியமே இல்ல. அவர்கிட்ட கேக்கற கேள்வியும் சுருக்கம் தான், திரும்ப இவங்களுக்கு வீடு கொடுப்பீங்களா, மாட்டீங்களா. அதுக்கு எவ்வளவு நேரம் யோசிக்கறாங்கங்கறதே பதில் மாதிரி தான்.

அதே சமயம் ஒரு விஷயம் எனக்கு சுத்தமா புடிக்கல. சேரும்போது கொடுக்கற ஃபாரத்துல "எப்படிப்பட்டவங்க வேணாம்"னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல என்ன எழுதுவாங்கன்னு நமக்கு தெரியாதா. நான் அதை அடிச்சுட்டு, எல்லாருக்கும் ஒரே அளவு, வருமானம், பழைய வாடகை பழக்கம், அவ்வளவுதான்னு எழுதிக் கொடுத்தேன். அமெரிக்கால 1968லயே இனம், மதம் பாத்து வீடு மறுக்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, 1988ல மாற்றுத்திறனாளிகளையும் குழந்தைங்க இருக்கற குடும்பத்தையும் அதுல சேத்தாங்க. சட்டம் இருக்கற ஊரோ இல்லாத ஊரோ, காசு பக்கம் பாத்தாலும் இது நஷ்டம் தான். நல்லபடியா வாடகை கட்டக்கூடிய பத்து பேர்ல ஏழு பேரை வாசல்லயே திருப்பி அனுப்பினா வீடு காலியா தான் கெடக்கும். ஆனா நான் இதை காசுக்காக மட்டும் சொல்லல. பொறப்பை வெச்சு ஒருத்தருக்கு வீடு இல்லன்னு சொல்றது தப்பு, அந்த கட்டத்தை அந்த கம்பெனி எடுத்தே ஆகணும், ஒன்றரை மார்க் குறைச்சதுல இது ஒரு முக்கிய காரணம்.

ஃபுல் பிளான்ல எனக்கு ரொம்ப புடிச்சது குடி வரும்போது போடற செக்-இன் ரிப்போர்ட். ரூம் ரூமா போட்டோ, தேதியோட. கரண்ட் மீட்டர், தண்ணி மீட்டர் ரீடிங். எத்தனை சாவி, எந்த கதவுக்கு எது. ஜன்னல் கொக்கி வேலை செய்யுதா, ஃபிளஷ் டேங்க்ல தண்ணி நிக்குதா, சிங்க்குக்கு கீழ இருக்கற கபோர்ட் பலகை கூட விடல. குடி வந்தவங்க ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து, கூட ஒரு வாரம் டைம், ஏதாவது விட்டுப்போயிருந்தா அவங்களே போட்டோ எடுத்து சேக்கலாம். ரெண்டாவது வீட்டுல இருந்தவங்க காலி பண்ணும்போது அந்த சிங்க் பலகை ஓரமெல்லாம் ஊதி, லேமினேட் பிளந்து நின்னுச்சு. பாத்தா தண்ணி விட்டு நாசம் பண்ணிட்டாங்கன்னு தான் தோணும். ரிப்போர்ட்ட எடுத்து பாத்தா, குடி வந்த அன்னைக்கு எடுத்த போட்டோலயே இடது மூலைல விரல் அகலத்துக்கு ஊதல் இருக்கு, "பழைய கசிவு"ன்னு குறிப்பு வேற. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பொண்ணு டேப்லெட்டை என் பக்கம் திருப்பி "சார், இது அவங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கு, இதுக்கு டெபாசிட்ல கை வைக்க முடியாது"ன்னு சொன்னாங்க. குடியிருந்த அக்கா முகத்துல வந்த நிம்மதியை பாக்கணுமே. அந்த ஒரு போட்டோ இல்லன்னா தேவையில்லாம ஒரு நல்ல குடும்பத்தோட சண்டை போட்டிருக்க வேண்டியது.

பெயின்ட் கணக்கும் அப்படித்தான் நியாயமா போட்டாங்க. ஹால் சுவத்துல பசங்க கிறுக்கினது இருந்துச்சு, அது சாதாரண தேய்மானம் இல்ல, சேதம் தான். ஆனா பெயின்ட்டுக்கு அஞ்சு வருஷம் ஆயுசுன்னு வெச்சா, அடிச்சு நாலு வருஷம் ஆச்சு, மிச்சம் இருந்தது அஞ்சுல ஒரு பங்கு, அதனால அந்த ஒரு சுவத்து செலவுல அஞ்சுல ஒரு பங்கு மட்டும் புடிச்சாங்க. பழைய பெயின்ட்டுக்கு பதிலா புது பெயின்ட்டை வாடகைக்கு இருந்தவங்க காசுல வாங்கிக்கறது ஓனர் உரிமை இல்ல. நெறைய ஓனர்களுக்கு இது உறைக்காது, முழு வீட்டு பெயின்ட்டையும் டெபாசிட்ல கழிக்கறது ஏதோ வழக்கம்னு நெனச்சுட்டு இருக்காங்க.

டெபாசிட் யார்கிட்ட இருக்குங்கறதையும் பாருங்க. இங்கிலாந்துல 2007லேர்ந்து டெபாசிட்டை அங்கீகாரம் பெற்ற பாதுகாப்பு திட்டத்துல சேக்கணும், 2019 சட்டப்படி பெரும்பாலான வீட்டுக்கு அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கவும் முடியாது. ஜெர்மனில மூணு மாச வாடகை தான் உச்சம். இந்தியாவோட 2021 மாதிரி வாடகை சட்டம் குடியிருப்புக்கு ரெண்டு மாசம்னு சொல்லுது, மாநிலம் ஏத்துக்கிட்டா தான் அது செல்லும். நீங்க எந்த ஊரா இருந்தாலும் அந்த காசு உங்க காசு இல்ல, திருப்பி கொடுக்க வேண்டிய காசு, அதை லோன் தவணைக்கு எடுத்து ஓட்டாதீங்க. இந்த சர்வீஸ் தனி அக்கவுன்ட்ல வெச்சிருக்கோம்னு சொன்னாங்க, ஸ்டேட்மென்ட் கேட்டேன், காட்டினாங்க. காட்டாத கம்பெனின்னா அங்கேயே எந்திரிச்சு வந்துடலாம்.

இனி ரிப்பேர். இதுக்கு மட்டும் தனியா மார்க் போட சொன்னா அஞ்சுக்கு ஒண்ணு. ஒரு பாத்ரூம் குழாய் கசியுதுன்னு குடியிருக்கறவங்க ஆப்புல போட்டோவோட போட்டாங்க. சர்வீஸ் அதை 'அவசரமில்லாதது'ன்னு வரிசைல போட்டுட்டு, கொட்டேஷன் வாங்கறோம், ஓனர் சம்மதம் வேணும்னு மெயில் மேல மெயில், அதுக்குள்ள சொட்டு சொட்டா ஒழுகினது சுவத்துக்குள்ள இறங்கி பக்கத்து ரூம்ல ஈரம் பூத்துடுச்சு. வாஷர் மாத்தற வேலை பூச்சு வேலையா ஆயிடுச்சு. பில்லை பாத்தா 'பொருளும் கூலியும்'னு ஒரே வரி. பிரிச்சு கொடுங்கன்னு கேட்டதுக்கப்பறம் தான் தெரிஞ்சுது, பிளம்பர் பில்லுக்கு மேல இவங்க ஒரு சதவீதம் சேக்கறாங்க, ஒருங்கிணைப்பு கட்டணமாம். ஒப்பந்தத்துல பின்பக்க அட்டவணைல இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா ரிப்பேர் பெருசானா கமிஷனும் பெருசாகும்னா யாருக்கு அவசரம் இருக்கும் சொல்லுங்க?

நான் ஏன் இவ்வளவு சூடாகறேன்னா, நல்ல வாடகை ஆளுங்க வாடகை ஏறிடுச்சுன்னு போறதை விட, சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்கன்னு போறது தான் அதிகம்னு என் அனுபவம். அவங்களுக்கு அது வீடு, நமக்கு தான் முதலீடு. கசியற குழாயை அன்னைக்கே சரி பண்ணா ஒரு மாச வாடகைல சின்ன துண்டு செலவு, பண்ணலன்னா ஆள் போய், வீடு காலியா கெடந்து, புது ஆள் பிடிக்க ஃபீஸ் கொடுத்து, ரெண்டு மாச வாடகை. இப்ப நான் ஒரு தொகை வரைக்கும் என்னை கேக்காமலே உடனே சரி பண்ணுங்க, அதுக்கு மேலன்னா அன்னைக்கே போன் பண்ணுங்க, மெயில் வேணாம், பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் நான் சொல்ற ஆளுன்னு எழுதி வாங்கிட்டேன். அதுக்கப்பறம் ரிப்பேர் பத்தி புகார் வரல.

வாடகை ஏத்தற விஷயத்துலயும் ஜாக்கிரதை. அக்ரிமென்ட் முடியற நேரத்துல "மார்க்கெட் ஏறிடுச்சு சார், அஞ்சு சதவீதம் ஏத்தலாம், இவங்க ஒத்துக்கலன்னா வேற ஆள் ரெடியா இருக்காங்க"ன்னு போன் வரும். கணக்கு போட்டு பாருங்க. 100 வாடகை 105 ஆகுது. ஆள் மாறறதுல ஒரு மாசம் காலி, 100. ஆள் பிடிச்ச ஃபீஸ் 105. மொத்தம் 205. மாசம் 5 அதிகமா வந்து இதை ஈடுகட்ட 41 மாசம் ஆகும், மூணரை வருஷத்துக்கு கொஞ்சம் கம்மி. ஆள் மாறினா லாபம் சர்வீஸுக்கு, நஷ்டம் ஓனருக்கு. அவங்க கெட்டவங்கன்னு சொல்ல வரல, ஃபீஸை அப்படி வெச்சா அப்படித்தான் பேச்சு வரும். நான் இருக்கறவங்ககிட்டயே நேரா பேசி 2 சதவீதம் ஏத்திக்கிட்டேன், அவங்களும் சந்தோஷமா கையெழுத்து போட்டாங்க.

'உத்தரவாத வாடகை'ன்னு இன்னொரு பிளான் விக்கறாங்க, வீடு காலியா இருந்தாலும் மாசா மாசம் காசு வரும், ஆனா மார்க்கெட் வாடகைல 15 சதவீதம் குறைச்சு. அந்த 15 சதவீதம் வருஷத்துக்கு 1.8 மாச வாடகை. உங்க வீடு வருஷத்துக்கு ரெண்டு மாசம் காலியா கெடக்கற வீடா இருந்தா தான் கட்டுப்படியாகும், அதை விட முக்கியம், நாளைக்கு கம்பெனி மூடிட்டா உத்தரவாதமும் போச்சு, உள்ள இருக்கறவங்க யாருன்னே உங்களுக்கு தெரியாது. நான் எடுக்கல.

இன்சூரன்ஸ் பத்தி இவங்க வாயே திறக்கல, அது பெரிய குறை. சொந்தமா குடியிருக்கற வீட்டு பாலிசி வேற, வாடகைக்கு விட்ட வீட்டு பாலிசி வேற. அதுலயும் வீடு 30 இல்ல 60 நாளுக்கு மேல காலியா இருந்தா பல பாலிசில தண்ணி சேதம், திருட்டுக்கெல்லாம் கவர் குறைஞ்சிடும். காலியா இருக்கும்போது தான் குழாய் உடைஞ்சா யாருக்கும் தெரியாது. பாலிசியை எடுத்து அந்த ஒரு பக்கத்தையாவது படிங்க.

வரி ஊருக்கு ஊர் தலைகீழா மாறும். இந்தியால சொத்து வரி போக மிச்ச வாடகைல 30 சதவீதம் நிலையான கழிவு, ரிப்பேர் பில் காட்ட வேணாம். அமெரிக்கால கட்டடத்தோட மதிப்பை 27.5 வருஷத்துக்கு தேய்மானமா கழிக்கலாம். இங்கிலாந்துல 2020லேர்ந்து தனிநபர் ஓனர் லோன் வட்டியை வாடகைல நேரடியா கழிக்க முடியாது, 20 சதவீத வரிச் சலுகை மட்டும் தான், அது தெரியாம வாங்கினவங்க நெறைய அடிபட்டாங்க. சர்வீஸ் கொடுக்கற வருஷ ஸ்டேட்மென்ட் வரி பாக்கறவருக்கு போதுமானதா இருந்துச்சு, அதுக்கு நன்றி.

யாருக்கு இது வேணும்? வீடு ஒரு ஊர்ல, நீங்க வேற ஊர்லன்னா ஃபுல் பிளான் எடுங்க, ஒப்பந்தத்துல மேல சொன்ன விஷயத்தையெல்லாம் மாத்திட்டு. பக்கத்துலயே இருக்கீங்க, ஒண்ணோ ரெண்டோ வீடு, குடியிருக்கறவங்ககிட்ட பேச நேரம் இருக்குன்னா ஆள் பிடிச்சு விசாரிச்சு தர்றதும், செக்-இன் செக்-அவுட் ரிப்போர்ட்டும் மட்டும் எடுத்துக்கோங்க, தனியா தர்றாங்க, விளம்பரத்துல இருக்காது, கேக்கணும். நான் இப்ப அதுக்கு தான் மாறியிருக்கேன். வாடகை நேரா என் அக்கவுன்ட்டுக்கு வருது, முன்னாடி அவங்க அக்கவுன்ட்டுல ஒரு வாரத்துக்கு மேல தங்கிட்டு தான் வரும். ஃபுல் பிளான்லேர்ந்து வெளிய வரும்போது ஒண்ணு கவனிங்க, அவங்க கொண்டுவந்த ஆள் இருக்கற வரைக்கும் ஃபீஸ் கொடுக்கணும்னு சில ஒப்பந்தத்துல இருக்கும், எனக்கு வந்ததுலயும் இருந்துச்சு, கையெழுத்துக்கு முன்னாடியே அதை ரெண்டு மாச நோட்டீஸா மாத்த சொல்லியிருந்ததால சிக்கல் இல்லாம முடிஞ்சுது.